மூன்றாவது கட்டை

செப்டெம்பர் 8, திங்கள்

வெயில். காலை ஏழு மணிக்கே மேசை சுடுகிறது. காற்று தெற்கிலிருந்து, வாசல் முழுக்க மணல். இரண்டு தரம் கூட்டினேன். மூன்றாம் தரம் விட்டுவிட்டேன்.

இன்று செய்ய இருந்தவை:
– 9ஆம் வகுப்பு விடைத்தாள் திருத்த.
– குசினிக்குப் பல்ப்.
– தங்கச்சிக்குப் பதில் அனுப்ப. (மூன்று வாரமாகிறது.)

பல்ப் வாங்கினேன். மாட்டவில்லை.

இரண்டாம் பாட நேரத்தில் அதிபர் கூப்பிட்டனுப்பினார். கம்பியூட்டர் படிப்பித்த சேர் மாற்றலாகிப் போய்விட்டார். அவர் நடத்திய ரோபோ கழகத்துக்கு இப்போது ஆள் இல்லை. 20ஆம் திகதி குருநாகலில் மாகாணப் போட்டி. அணியில் பெண் பிள்ளை ஒருத்தி இருப்பதால் கூடப் போக ஆசிரியை ஒருவர் வேண்டுமாம்.

“எனக்கு ரோபோவைப் பற்றி ஒண்டும் தெரியாது சேர். நான் படிப்பிக்கிறது புவியியல்.”

“தெரியத் தேவையில்ல மிஸ். பிள்ளைகளுக்குத் தெரியும். நீங்க கூட இருந்தாப் போதும். உங்களுக்கும் மனசுக்கு ஒரு மாற்றமா இரிக்கும்.”

மனசுக்கு மாற்றம். ஏப்ரலிலிருந்து எல்லோரும் இதையே சொல்கிறார்கள். சரி என்றேன். மறுப்பதற்கும் ஒரு பலம் வேண்டியிருக்கிறது.

பிறகு, கோப்பை கழுவிக்கொண்டு நின்றபோது ஆசிரியர் அறைக்குள் இருந்து:
“புருஷன் மவுத்தாகி அஞ்சு மாசம். ஒரு சொட்டுக் கண்ணீர் வரல்லயாம்.”
“உள்ளுக்குள்ள இறுகிப் போயிருக்கும், பாவம்.”

கோப்பையை இன்னொரு தரம் கழுவினேன். அவர்கள் சொல்வது சரிதான். இறுகியது என்றுகூட இல்லை. வெறும் மரத்துப்போனது.

செப். 9, செவ்வாய்

வெயில். அவருடைய ஃபோனில் காலை 4.45 அலாரம் இன்னும் அடிக்கிறது. உப்பளத்துக்கு விடியமுன் போகவேண்டிய மனிதர். நான் நிறுத்துவதில்லை, அதுவாக அடித்து ஓயும். ஆனால் ஃபோனுக்குச் சார்ஜ் மட்டும் மறக்காமல் போடுகிறேன்.

மூன்று மணிக்கு ஆய்வுகூடம் திறந்தேன். அணியில் மூன்று பேர்.

ஹஸ்னா. 11ஆம் வகுப்பு. ரோபோவுக்குக் கட்டளை எழுதுகிறவள். கண்ணாடி. கேட்டால் மட்டும் பேச்சு.
அஸ்கர். அதே வகுப்பு. வயர், பற்றவைப்பு, ஸ்குரூ எல்லாம் அவன்.
நிலோஜன். 10ஆம் வகுப்பு. முந்தல் ஊர்ப் பிள்ளை. போட்டித் தரையில் ரோபோவை வைப்பதும் எடுப்பதும் அவன்.

ரோபோ ஒரு பிஸ்கற் பெட்டிக்குள் அடங்கும் அளவு. நான்கு சக்கரம், முன்னால் ஒரு கை. தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஓடும். வழியில் மூன்று மரக்கட்டைகள். ஒவ்வொன்றாகப் பிடித்து, கடைசியிலுள்ள மஞ்சள் சதுரத்துக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டும். மூன்று நிமிடம். அவ்வளவுதான் போட்டி.

“கட்டையில கொஞ்சம் சதுரத்துக் கோட்டுக்கு வெளியில நீட்டிக்கொண்டு நின்டாலும் எண்ணமாட்டாங்க மிஸ்,” என்றாள் ஹஸ்னா.

நான் கதிரையில் இருந்தேன். மூன்று மணித்தியாலம். அவர்கள் தரையில். ரோபோ பதினோராம் தரமும் வளைவில் கோட்டை விட்டுச் சுவரில் முட்டியது. யாரும் சலிக்கவில்லை. எனக்கும் சலிக்கவில்லை, சலிப்புக்கும் ஒரு உணர்ச்சி வேண்டுமே.

செப். 11, வியாழன்

மதுரங்குளிச் சந்தியில் பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம். கழுதை இரண்டு ரோட்டு நடுவில் நின்று கொண்டன. கொழும்பு லொறி ஒன்று ஹோர்ன் அடித்தது. கழுதைகள் அசையவில்லை. எனக்கு அவற்றைப் பிடித்திருந்தது.

ஆசிரியர் அறையில் கதை. கணித சேர்:
“ஓ.எல். சோதனைக்கு இன்னும் கொஞ்ச நாள். இந்த நேரத்துல பொம்மைக் கார் ஓட்டுறாங்க. அஸ்கர் கணக்குல எடுத்தது பதினெட்டு. அத யார் கேக்கிற?”
விஞ்ஞான மிஸ்: “நல்லது தானே சேர். கை வேலையாவது பழகுவான்.”
“கை வேலை பழக மெக்கானிக்கிட்ட அனுப்பலாம்.”

என்னைப் பார்த்தார்கள். நான் அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை. என்னிடம் இருக்கவுமில்லை.

பின்னேரம். பதினெட்டுப் புள்ளி எடுத்த அஸ்கர் ஒரு வயரை ஒட்டி, இழுத்துப் பார்த்து, கழற்றி, திரும்ப ஒட்டினான். ஒன்பது தரம். எண்ணினேன். பத்தாம் தரம் இழுத்தபோது வரவில்லை. “இப்ப சரி,” என்றான், யாருக்குமில்லாமல்.

செப். 13, சனி

பயிற்சி, 9 முதல் 1 மணி வரை. வீட்டுக்கார ரிஸ்மியா ராத்தா சோறும் இறால் குழம்பும் கட்டித் தந்தார். “நீங்க சாப்பிடாட்டியும் பிள்ளைகளுக்குக் குடுங்க.” பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். நிலோஜன் விரல் நக்கினான்.

காலையில் நன்றாக ஓடிய ரோபோ பத்து மணிக்குப் பிறகு கோட்டைக் காணாமல் தடுமாறியது. ஹஸ்னா நிறைய நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய் யன்னலைச் சாத்தினாள். சரியாக ஓடியது.

“வெளிச்சம் மிஸ். வெளிச்சம் கூடினா இதுக்குக் கறுப்பும் கறுப்பாத் தெரியிறல்ல. ஒவ்வொரு எடத்துலயும் முதல்ல இதுக்குக் காட்டிக் குடுக்கணும், இதுதான் கறுப்பு, இதுதான் வெள்ளை என்டு.”

இன்று அவளிடம் கொஞ்சம் கூடுதலாகக் கதைத்தேன். வாப்பா ஜிப்ரி, எத்தாளையிலிருந்து சிலாபத்துக்குக் கருவாடு ஏற்றுகிற சின்ன லொறி. லீவு நாட்களில் கூடப் போய்ச் சந்தையில் நின்றதில் அவளுக்குச் சிங்களம் நன்றாக வருமாம். ஓ.எல். முடிந்து ஏ.எல்.லுக்குத் தொழில்நுட்பப் பிரிவு படிக்க ஆசை. அது எங்கள் பாடசாலையில் இல்லை. புத்தளம் டவுனுக்குப் போக வேண்டும். வாப்பாவுக்கு விருப்பமில்லை.

“மாகாணத்துல மூணுக்குள்ள வந்து கொழும்புப் போட்டிக்குப் போனா டவுனுக்கு அனுப்புறன் என்டு சொல்லீக்கிறார்.”
“வராட்டி?”
“இங்கயே ஆர்ட்ஸ்.”

சிரிக்கவுமில்லை, முகம் சுருங்கவுமில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள்.

செப். 14, ஞாயிறு

ஒன்றும் செய்யவில்லை. அவருடைய சேர்ட்டுகளை அலுமாரியிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்தேன். திரும்ப அலுமாரிக்குள் வைத்தேன். பத்து சேர்ட். இரவுக்குப் பாணும் சம்பலும்.

தங்கச்சிக்குப் பதில் போடவில்லை.

செப். 17, புதன்

அணிக்கு மண்ணிறத்தில் டீசேர்ட் வந்தது. எனக்கும் ஒன்று. பெரிய அளவு. பின்னால் பாடசாலைப் பெயர். அதிபர் பேனர்க் கடையில் சொல்லிவைத்திருக்கிறாராம்: வென்றால் உடனே அடிக்க. எங்கள் நால்வரையும் நிறுத்திப் படம் எடுத்தார். “மிஸ், கொஞ்சம் சிரிங்க.” சிரித்தேன். படத்தில் பார்த்தேன், உதடு மட்டும் ஏதோ செய்திருக்கிறது.

இன்று எட்டுத் தரம் ஓட்டினார்கள். ஐந்து தரம் மூன்று கட்டையும் உள்ளே.

செப். 19, வெள்ளி

எடுத்துப் போக வேண்டியவை (ஹஸ்னா எழுதித் தந்தது):
ரோபோ. பற்றரி 4. சார்ஜர். மேலதிக சக்கரம் 2. ஒட்டுப்பட்டி. ஸ்குரூ டிரைவர். கத்தரிக்கோல். லெப்டொப். மிஸ்.

கடைசிச் சொல்லை இரண்டு தரம் வாசித்தேன். பட்டியலில் நானும் ஒரு சாமான். சரியாகத்தான் எழுதியிருக்கிறாள்.

செப். 21, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இப்போது காலை எட்டு மணி. நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும்.

சனி விடிய ஐந்தரைக்கு வாடகை வான் வந்தது. சிலாபம் வழியாகக் குருநாகல். நிலோஜன் வழியில் வயிற்றைப் புரட்டிச் சத்தி எடுத்தான். பெரிய மண்டபம். பளபளவென்ற தரை, எங்கள் ஆய்வுகூடத்தில் சீமெந்து. பதினெட்டுப் பாடசாலைகள். பெரும்பாலும் சிங்களப் பிள்ளைகள். சிலரின் ரோபோ அழகாகச் சாயம் பூசி, பெட்டியில் பஞ்சுக்குள் வந்தது. எங்களுடையது பிஸ்கற் பெட்டிக்குள்.

தரை வழுக்கியது. சோதனை ஓட்டத்தில் சக்கரம் சுற்றுகிறது, ரோபோ நகரவில்லை. நான் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். அஸ்கர் தன் சைக்கிள் கைப்பிடியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்த ரப்பரைக் கத்தரித்துச் சக்கரத்தில் சுற்றினான். யாரும் சொல்லவில்லை, அவனாகவே. பக்கத்து மேசையில் இருந்த சிங்களப் பொடியன் ஒருவன் வந்து பார்த்து, தன் ரோபோவைக் காட்டிக் கையால் கேட்டான். அஸ்கர் மிச்ச ரப்பரைக் கொடுத்தான். இருவருக்கும் மற்றவனின் மொழி தெரியாது.

ஹஸ்னா நடுவர் மேசைக்குப் போய்ச் சிங்களத்தில் கேட்டாள்: யன்னல் பக்க வெளிச்சத்தில் ஒருதரம் ரோபோவுக்குக் கோட்டைக் காட்ட இரண்டு நிமிடம் தரமுடியுமா? கொடுத்தார்கள்.

11.40. எங்கள் முறை. நான் தரையில் ஒட்டிய நாடாவுக்கு வெளியே, மஞ்சள் சதுரத்துக்கு நேராக நின்றேன். மூன்றடி தூரம் இருக்கும். ஹஸ்னா எனக்கு எதிர்ப்பக்கம்.

முதல் கட்டை உள்ளே. இரண்டாவது உள்ளே. மூன்றாவதைக் கொண்டுவரும்போது நேரம் முடியப் பத்து விநாடி. வைத்தது. கட்டை கோட்டின் மேல். பாதி உள்ளே, பாதி வெளியே. விசில். நடுவர் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துத் தாளில் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். நிலோஜன் குனிந்து ரோபோவைத் தூக்கினான். தூக்கும்போது ரோபோவின் கை கட்டையில் தட்டி, கட்டை உள்ளே நகர்ந்தது. இரண்டு விரல் அகலம். நடுவர் நிமிர்ந்தார். பார்த்தார். மூன்று கட்டை என்று எழுதினார்.

நான் பார்த்தேன். தெளிவாக.

பொடியன்கள் குதித்தார்கள். ஹஸ்னா குதிக்கவில்லை. என்னிடம் வந்தாள். மெதுவாக,

“மிஸ், விசிலுக்குப் பொறவு தான் அது உள்ளுக்குப் போன. நீங்களும் கண்டீங்க தானே?”

“நான் கவனிக்கேல்லை,” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசிக்கவில்லை. கண்டேன் என்றால் எழும்ப வேண்டும், மேசைக்குப் போக வேண்டும், விளக்க வேண்டும், எல்லோரும் பார்ப்பார்கள். கவனிக்கேல்லை என்றால் அப்படியே இருக்கலாம்.

அவள் என்னைப் பார்த்தாள். மத்தியானம் சாப்பிடவில்லை.

2.30. முடிவு வாசித்தார்கள். மூன்றாம் இடம் எங்கள் பாடசாலை. அஸ்கர் நிலோஜனைத் தூக்கிச் சுற்றினான். நான் அதிபருக்கு ஃபோன் எடுத்தேன். மறுமுனையில் கத்தினார். “அல்ஹம்துலில்லாஹ்! பேனருக்குச் சொல்றன்!”

ஃபோனை வைத்துவிட்டுப் பார்த்தால் ஹஸ்னா இல்லை. நடுவர் மேசைக்கு முன்னால் தனியாக நின்றாள். சாம்பல் சேலை கட்டிய நடுவர் அம்மா குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஹஸ்னா இரண்டு விரலால் மேசையில் காட்டினாள்: கட்டை இப்படி இருந்தது, பிறகு இப்படிப் போனது. மற்ற நடுவர்களும் கூடினார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள்.

நிலோஜன்: “நான் தொடேல்லை.”
அஸ்கர்: “உள்ளுக்குத்தான் இருந்த.”

நடுவர் அம்மா என்னிடம் திரும்பினார். “டீச்சர் தெக்கத?” கண்டீர்களா என்று. அந்த அளவு சிங்களம் எனக்கும் தெரியும்.

“நே,” என்றேன். இல்லை. ஒரே எழுத்து.

ஹஸ்னா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுவர்கள் தங்களுக்குள் கதைத்தார்கள். அணியிலுள்ள பிள்ளையே வந்து சொல்லும்போது அதை ஏற்கத்தான் வேண்டும் என்று முடிவு. மூன்றாவது கட்டை கழிந்தது. நான்காம் இடம். இந்த மாற்றத்தை ஒலிபெருக்கியில் சொன்னபோது எங்கிருந்தோ ஒரு கைதட்டல் வந்து பாதியில் நின்றது.

வானில் பொடியன்கள் பின் ஆசனத்தில். அவள் முன்னால், என் பக்கத்தில். வான் பிங்கிரிய ஊரைத் தாண்டியது. பிறகு பின்னாலிருந்து அஸ்கர்:

“யாருக்கு ஷோ காட்டின நீ?”

அவள் திரும்பவில்லை. மடியில் பிஸ்கற் பெட்டி. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதிபருக்குத் திரும்ப ஃபோன் எடுத்தேன். “பேனர் அடிச்சிட்டாங்களே மிஸ்,” என்றார்.

நடந்தது இவ்வளவுதான். எழுதும்போதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை.

செப். 22, திங்கள்

பேனர் அதிபரின் கந்தோரில் சுருட்டி வைத்திருந்தது. நுனி விரிந்திருந்ததில் என் முகத்தின் பாதி தெரிந்தது.

அதிபர் நால்வரையும் நிறுத்தினார். சத்தம் போடவில்லை. அதுதான் மோசம்.

“மகள், நீங்க பொய் சொன்ன என்டு நான் சொல்லல்ல. ஆனா நடுவர் காணல்ல. உங்கட கூட்டாளிமார் காணல்ல. மிஸ்ஸும் காணல்ல. நீங்க மட்டும் எப்படிக் கண்ட? சில நேரம் பயத்துல கண்ணுக்கு ஒன்டு தெரியும். அத நம்பி ஊருட பேரைக் கொண்டுபோய் குடுத்திட்டு வாறதா?”

ஹஸ்னா: “நான் கண்ட சேர்.”

அவ்வளவுதான் சொன்னாள். என் பக்கம் பார்க்கவில்லை. அதிபர் பார்த்தார். நான் பேனரைப் பார்த்தேன்.

கணித சேர் ஆசிரியர் அறையில்: “இதுக்குத்தான் சொன்ன. பிள்ளைக்குப் பிள்ளை கோபம் வந்தது தான் மிச்சம்.”

9ஆம் வகுப்பு விடைத்தாள்கள் திருத்தி முடித்தேன். முப்பத்தொன்று. உப்பளம் அமைய ஏற்ற காரணிகள் மூன்று தருக. அதிக வெயில், குறைந்த மழை, களி மண். எல்லோரும் சரியாக எழுதியிருக்கிறார்கள்.

செப். 23, செவ்வாய்

வெயில். காற்றாலைகள் எல்லாம் வேகமாகச் சுற்றுகின்றன. ஆய்வுகூடத்தைத் திறந்தேன். யாரும் வரவில்லை. பூட்டினேன்.

11ஆம் வகுப்புப் பக்கம் போகும்போது கேட்டது. “நடுவர் வாறா, நடுவர் வாறா. எல்லாரும் கைய மேசைல வைங்க.” சிரிப்பு. ஹஸ்னா தன் இடத்துக்குப் போய் இருந்தாள். நான் வாசலுக்கு வந்ததும் அடங்கியது. பாடம் எடுத்தேன். பருவக்காற்று.

ரிஸ்மியா ராத்தா மதில் மேலால்: “மிஸ், அந்தப் பிள்ள கருவாட்டு ஜிப்ரிட மகள் தானே? சும்மா கெடந்த பரிச எறிஞ்சிட்டு வந்தாவாம். பெருமைக்கா?”
“தெரியேல்லை ராத்தா.”

இந்த நாலு நாளில் மூன்றாம் தரம் இப்படிச் சொல்லியிருக்கிறேன். கவனிக்கேல்லை. நே. தெரியேல்லை.

செப். 24, புதன்

ஹஸ்னா வரவில்லை.

குசினி பல்ப்பை மாட்டினேன். வெளிச்சத்தில் அடுப்பு மேடை அழுக்கு. துடைத்தேன். ஒரு இடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன் போல. பால் பொங்கி வழிந்த பிறகுதான் தெரிந்தது.

அவர் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று யோசித்தேன். சனிக்கிழமை வந்து சொல்லியிருப்பேன். அவர் கேட்டுவிட்டு, “பிறகேன் நீ சும்மா நிண்டனீ?” என்றிருப்பார். அவ்வளவுதான். திட்டமாட்டார். ஆனால் பதில் சொல்லும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

செப். 25, வியாழன்

ஹஸ்னாவின் வாப்பா வந்தார்.

மூன்றாம் பாடம். பியோன் வந்து கூப்பிட்டார். கந்தோரில் அதிபர், ஜிப்ரி, பக்கத்தில் ஹஸ்னா. சீருடையில் இல்லை. ஜிப்ரி உயரமான மனிதர். லொறியிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். அறையில் கருவாட்டு வாடை. கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை.

“மிஸ், எனக்கு இந்த ஆட்டம் வெளங்காது,” என்றார். “வெல்றதும் தோக்கிறதும் எனக்குப் பெரிசில்ல. ஆனா ஊருக்குள்ள என்ட மகள் பொய் சொன்ன என்டு கதைக்காங்க. கடைக்குப் போனா சிரிக்கிறாங்களாம். ரெண்டு நாளா சோறு திங்கிறல்ல. இவளக் கேட்டா, நான் கண்ட, நான் கண்ட என்டு மட்டும் சொல்றா. சின்னப் பிள்ளட கண்ணுக்குத் தப்பாத் தெரிஞ்சிருந்தா அதையும் நான் ஏத்துக்கிறன். உண்மை எது என்டு எனக்குத் தெரியணும். நீங்க பெரிய ஆள். அங்க நின்ட. கண்டீங்களா, இல்லயா?”

அதிபர் இடையில்: “மிஸ் தான் அப்பவே சொல்லிட்டாங்களே ஜிப்ரி நானா, காணல்ல என்டு.”

ஜிப்ரி அதிபரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வரும்வரை பார்க்கிற பார்வை.

மின்விசிறி சுற்றியது. வெளியே 6ஆம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது.

“கண்டனான்,” என்றேன்.

என் குரல்தானா என்று இருந்தது. திரும்பச் சொன்னேன்.

“நான் கண்டனான். விசில் அடிச்சாப் பிறகுதான். நிலோஜன் தூக்கேக்கை ரோபோவின்ரை கை தட்டிக் கட்டை உள்ளுக்குப் போனது. நான் மூண்டடி தூரத்திலை நிண்டனான். ஹஸ்னா சொன்னது அப்படியே சரி. நான்தான் அங்கை பொய் சொன்னனான். ரெண்டு தரம்.”

அதிபர் பேனையை மூடினார். திறந்தார். “மிஸ், நீங்க... இப்ப ஏன்...”

“ஏன் மிஸ் காணல்ல என்டு சொன்ன?” இது ஜிப்ரி. கோபமாக இல்லை. உண்மையாகவே கேட்டார்.

கணவர் இறந்துவிட்டார், மனம் சரியில்லை என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் இருவரும் உடனே மன்னித்திருப்பார்கள். தேத்தண்ணீர் கூடக் கொண்டுவரச் சொல்லியிருப்பார்கள். விழுங்கிக்கொண்டேன்.

“எழும்பிப் போய்ச் சொல்லப் பஞ்சியாய், சோம்பலாய் இருந்தது,” என்றேன். “அவ்வளவுதான்.”

அப்போது முகம் சுட்டது. காது வரைக்கும். என்னவென்று முதலில் விளங்கவில்லை. காய்ச்சலாக்கும் என்று நினைத்தேன். வெட்கம். ஏப்ரலுக்குப் பிறகு என் உடம்பில் வந்த முதல் விஷயம்.

ஹஸ்னாவிடம் திரும்பினேன். “பிள்ளை, என்னை மன்னிச்சுக்கொள்ளு.”

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “எனக்குத் தெரியும் மிஸ். நீங்க அந்தக் கட்டையத்தான் பார்த்துக்கொண்டு நின்ட.”

“பிறகேன் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை? நானும் கண்டனான் எண்டு சொல்லியிருக்கலாமே.”

“நீங்க சொல்லுவீங்க என்டு பார்த்தன்.”

ஜிப்ரி மகளின் தலையில் கையை வைத்து எடுத்தார். “சரி. எனக்கு இது போதும்,” என்றார். வாசலில் நின்று திரும்பி, “கொழும்பு, டவுன் பள்ளிக்கூடம், அதெல்லாம் வேற கதை. அத இப்ப கதைக்க வேணாம்,” என்றார், அவளிடமா என்னிடமா தெரியவில்லை. லொறி கிளம்பும் சத்தம் கேட்டது.

அதிபர்: “மிஸ், இது இந்த அறையோட இருக்கட்டும். பிள்ளைகளுக்கு முன்னால டீச்சர்ட மரியாதையும் பார்க்கணும் தானே.”

வகுப்புக்குத் திரும்பினேன்.

செப். 26, வெள்ளி

முதல் பாடம் 11ஆம் வகுப்பு. வரவுப் பதிவு முடிந்ததும் புத்தகத்தைத் திறக்க வேண்டாம் என்றேன். நின்றுகொண்டே சொன்னேன். மண்டபத்தில் எங்கே நின்றேன், என்ன கண்டேன், என்ன சொன்னேன். மூன்று நிமிடம் இருக்கும். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

பின் வரிசை வாங்கில் யாரோ சிரிக்கத் தொடங்கி, விட்டார்கள். அஸ்கர் மேசையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். ஹஸ்னா யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

பிறகு புத்தகத்தைத் திறக்கச் சொன்னேன். பக்கம் 84.

இடைவேளையில் நிலோஜன் ஆசிரியர் அறை வாசலில். 10ஆம் வகுப்புக்கு அதற்குள் கதை போய்விட்டது.

“மிஸ், எனக்கு அப்ப கையிலை ஏதோ தட்டுப்பட்ட மாதிரி இருந்தது. உறுதியாத் தெரியேல்லை. அதாலை தொடேல்லை எண்டு சொன்னனான்.”

“ஹஸ்னாவிட்டைச் சொன்னனீயா?”

“இல்லை.”

“போய்ச் சொல்லு.”

நின்றான். “திட்டுவா.”

“திட்டட்டும்.”

போனான். நானும் என் பங்குக்குத் திட்டு வாங்கினேன். கணித சேர், எல்லோர் முன்னாலும்: “அப்ப மிஸ், அந்தப் போட்டியால பிள்ளைகள் என்னத்தப் படிச்ச என்டு நினைக்கிறீங்க?” பதில் எதிர்பார்த்துக் கேட்டதல்ல. ஆனாலும் சொன்னேன். “பிள்ளையள் படிச்சதைப் பற்றித் தெரியாது சேர். நான் படிச்சதைச் சொல்லலாம்.” அவர் பத்திரிகையை விரித்துக்கொண்டார்.

அதிபர் இன்று என்னோடு கதைக்கவில்லை.

செப். 27, சனி

தங்கச்சிக்கு ஃபோன் எடுத்தேன். மெசேஜ் இல்லை, ஃபோன். “அக்கா, என்ன குரல் ஒரு மாதிரி?” என்றாள். சளி, தடிமன் என்றேன். பிறகு இல்லை என்றேன். அரை மணித்தியாலம் கதைத்தோம். அவள் பாதி நேரம் அழுதாள். எனக்கு இன்னும் வரவில்லை. பரவாயில்லை.

உப்புக் குவியல்களுக்கு ஓலை போடத் தொடங்கிவிட்டார்களாம். மழை வரப்போகிறது.

செப். 29, திங்கள்

மேகம். மழை இல்லை.

ஹஸ்னா வகுப்பில் இருந்தாள். “குட் மோர்னிங் மிஸ்,” எல்லோரோடும் சேர்ந்து. தனியாக ஒரு சொல்லும் இல்லை. எனக்கு அது நியாயமாகப் பட்டது. சொன்னவுடன் எல்லாம் சரியாகிவிட வேண்டும் என்று இல்லை.

அதிபர் ஒரு தாளைத் தந்தார். அடுத்த வருடத்துக்குக் கழகப் பொறுப்பாசிரியர் பெயர். “விருப்பமில்லாட்டி வேற ஆள் பாக்கலாம் மிஸ்.” என் பெயரை எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணல்.

மூன்று மணிக்கு ஆய்வுகூடம். அஸ்கர் வந்தான், பிறகு நிலோஜன். கோட்டுக்குப் புதிய நாடா ஒட்டினார்கள். ஒட்டிக்கொண்டே அஸ்கர் நிலோஜனிடம்: “அவட வாப்பா ஓம் என்டுட்டாராம். டவுன் பள்ளிக்கூடத்துக்கு. ரிசல்ட் நல்லா வந்தா.”
“ஆர் சொன்னது?”
“அவ தான். திட்டி முடிச்சுப் பொறவு சொன்ன.”

3.20. ஹஸ்னா வந்தாள். பையை வைத்தாள். பிஸ்கற் பெட்டியைத் திறந்து ரோபோவை எடுத்தாள், சக்கரத்து ரப்பரை விரலால் அழுத்திப் பார்த்தாள். நிலோஜனிடம் கொடுத்தாள்.

என்னிடம் கடிகாரத்தையும் விசிலையும் நீட்டினாள்.

“மிஸ், நீங்க நேரத்தப் பாருங்க. கட்டைய நான் பாக்கிறன்.”

வாங்கினேன். அவள் மஞ்சள் சதுரத்துக்குப் பக்கத்தில் குந்தினாள். பிறகு நிமிர்ந்து பார்த்து, கொஞ்சம் யோசித்து,

“இல்ல. நேரத்த அஸ்கர் பாக்கட்டும். கட்டைய நாம ரெண்டு பேரும் பாப்பம்.”